மேசையில் இல்லாதவர்கள்

மேசை ஆறடிக்கு நான்கடி. பச்சைக் கம்பளி ஒன்றை விரித்து அடியில் தடித்த புத்தகங்களைச் செருகினால் குன்றுகள் வந்துவிடும். நீலத் துணிப் பட்டை ஒன்று ஆறு. ஒரு பக்கம் சிவப்புக் கோட்டு போட்ட சிப்பாய்கள், இருபது இருபது பேராக. எதிர்ப்பக்கம் கேடயமும் ஈட்டியும் ஏந்தியவர்கள், அவர்களைப்போல மூன்று மடங்கு. ஒவ்வொருவரும் 28 மில்லிமீட்டர் உயரம், என் சுண்டுவிரலில் பாதி. அளவுநாடா, பகடை, ஒரு சீட்டுக்கட்டு, ஆறிப்போன தேநீர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு சிறுநகரத்துச் சமூகக் கூடத்தில், செவ்வாய்க்கிழமை மாலைகளில், நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் போர்களை இப்படித்தான் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறோம். அதில் பெண் நான் ஒருத்திதான். வெள்ளைத்தோல் இல்லாதவளும் நான் ஒருத்திதான்.

இதைப் படிக்கிற தோழிகள் முதலில் என்ன கேட்பார்கள் என்று தெரியும். உனக்கு ஏன் இந்த வேலை? நம்மை ஆண்டவன் நடத்திய கொலைகளை விளையாட்டாக ஆடுகிற இடத்தில் உனக்கு என்ன இருக்கிறது? என் அம்மா இதையே வேறுமாதிரி கேட்டாள்: “ஏண்டி, நாப்பத்தி ரெண்டு வயசுல சொப்பு வச்சு ஆடுறியா?” இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் முதலில் வாயில் வருகிறது. பிடித்திருக்கிறது. வரைபடம், தூரக்கணக்கு, எதிராளி என்ன நினைக்கிறான் என்று ஊகிப்பது, கடைசி நேரத்தில் பகடை காலை வாருவது எல்லாமே பிடித்திருக்கின்றன. பெண்கள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லும்போது உடனே அதற்கு ஒரு நல்ல காரணமும் சொல்லியாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கிறதே, அதை நான் கொஞ்சநாளாகக் கண்டுகொள்வதில்லை.

இந்த விளையாட்டுக்கு என் போன்றவளை யாரும் அழைக்கவில்லை என்பதும் உண்மை. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு புத்தகத்தை எழுதினார். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடும் விதிகளைப் பொதுவாசகருக்குக் கொண்டுவந்த ஆரம்ப நூல்களில் அது முக்கியமானது. அதன் துணைத்தலைப்பு இது யாருக்கான விளையாட்டு என்று விளக்குகிறது: 12 வயதிலிருந்து 150 வயது வரையுள்ள எல்லாப் பையன்களுக்கும், கூடவே, பையன்களின் விளையாட்டையும் புத்தகத்தையும் விரும்புகிற, கொஞ்சம் கூடுதல் புத்தி உள்ள பெண்களுக்கும். பையனுக்குப் பையனாக இருந்தால் போதும். பெண்ணுக்குத் தேர்வு எழுதினால் இடம். வெல்ஸ் போரை விரும்பியவர் இல்லை. மேசைமேல் நாலு ஆட்டம் ஆடிப் பார்த்தால் நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனம் என்று புரியும் என்றுதான் அந்தப் புத்தகத்தில் வாதிடுகிறார். அடுத்த வருடமே முதல் உலகப்போர் வந்தது.

நான் உள்ளே வந்தது வண்ணத்தின் வழியாக. மருத்துவமனை ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மதிய இடைவேளையில் ஒரு சிப்பாய்க்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். கோட்டின் மடிப்புகளில் நிழல் சரியாக விழவில்லை. வாங்கி நான் பூசிக் காட்டினேன். காஞ்சிபுரத்தில் தறி ஓடிய வீட்டில் வளர்ந்தவள் நான். அப்பா பாவு இழைகளைப் பிரித்துக் காட்டி நிறம் சொல்லிக்கொடுத்தவர். இவர்கள் ‘ஸ்கார்லெட்’ என்று ஒரே பெயரில் சொல்வதில் எனக்குக் குங்குமச் சிவப்பும் அரக்கும் மாம்பழச் சாயல் ஏறிய சிவப்பும் தனித்தனியாகத் தெரியும். பக்கத்துத் தெருவில் நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். போலீஸ் பேண்டு வாத்தியம், கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை என்று சின்னச்சின்ன மனிதர்கள் படிப்படியாக நிற்பார்கள். எங்களுக்கு வாசல்வரைதான். சுண்டல் வெளியே வரும். அந்தப் பொம்மைகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு முப்பது வருடம் கழித்து இந்த ஊரில்தான் தீர்ந்தது.

சாயம் பூசுவதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கிளப்பில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி இது: ஜூலு வீரர்களை மொத்தமாக அட்டைமேல் நிறுத்தி, பழுப்பு நிறப் பிரைமரை டப்பாவிலிருந்து பீய்ச்சிவிடு. தோல் முடிந்தது. பிறகு கேடயத்துக்கு வெள்ளை, அவ்வளவுதான். ஒரு மாலையில் நாற்பது பேர். சிவப்புக் கோட்டுக்காரனுக்கோ ஒருவனுக்கு ஒரு மாலை. கழுத்துப்பட்டியின் நிறம் எந்த ரெஜிமென்ட் என்று காட்ட வேண்டும், பொத்தானில் ஒளி விழ வேண்டும், மீசையின் நிறம்கூட ஆளுக்கு ஆள் மாற வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் சொல்லவில்லை. எண்ணிக்கை அதிகம், நேரம் குறைவு என்பதுதான் அவர்கள் காரணம். ஆனால் ஒருவனுக்கு முகம், நாற்பது பேருக்கு ஒரு டப்பா என்கிற அந்தக் கணக்கு, சாயம் காய்வதற்குள் நம் கண்ணிலும் படிந்துவிடுகிறது.

அந்தப் பழைய ஈயச் சிப்பாய்களுக்கு யார் சாயம் பூசினார்கள் என்று தேடியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1893இல் லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே குழிவான ஈயப் பொம்மைகளை வார்க்கத் தொடங்கியதும் பொம்மைச் சிப்பாய் மலிவாகி வீட்டுக்கு வீடு போனது. வெல்ஸ் தரையில் படுத்துச் சுட்டது அந்தக் கம்பெனியின் பொம்மைப் பீரங்கியைத்தான். அந்தச் சிப்பாய்களின் கோட்டுக்கும் கன்னத்துக்கும் தூரிகை பிடித்தவர்களில் பெரும்பாலோர் பெண் தொழிலாளிகள். சாம்ராஜ்யத்தின் படை முழுவதும் பெண்களின் கைப்பட்டே பையன்களின் அறைக்குப் போயிருக்கிறது.

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது ஒரு வரிக்காக. எங்கள் கிளப்பில் அதிகம் ஆடப்படுவது 1879 ஜூலு போர். அந்த ஆட்டத்துக்கான கையேடுகளில் எல்லாம் தொடக்கத்தில் ‘பின்னணி’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. சீருடை விவரத்துக்குப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நான் படித்தேன். அதில் ஒரு வரியில், எல்லைத் தகராறு, கால்நடை, கிறித்தவ மிஷன்கள் என்ற பட்டியலின் நடுவே, ‘ஒரு ஜூலு தலைவரின் இரண்டு மனைவிகள் தொடர்பான சம்பவம்’ என்று வந்தது.

அந்தச் சம்பவம் இதுதான். எல்லையோரத் தலைவர் சிஹாயோவின் மனைவிகள் இருவர் வீட்டைவிட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நேட்டாலுக்குத் தப்பிப்போனார்கள். 1878 ஜூலையில் சிஹாயோவின் மகன் மெஹ்லோகஜூலு ஆட்களோடு ஆற்றைக் கடந்துவந்து அவர்களைப் பிடித்து இழுத்துப்போனான். ஜூலு எல்லைக்குள் வைத்து இருவரும் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, பிரிட்டிஷ் உயர் ஆணையர் பார்ட்டில் ஃப்ரேர் ஜூலு மன்னர் கெட்ஷ்வாயோவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியபோது, சிஹாயோவின் மகன்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. மாடுகள் அபராதமாகக் கேட்கப்பட்டன. படையைக் கலைக்க வேண்டும் என்பதும் இருந்தது. அதை எந்த மன்னனும் ஏற்க முடியாது என்பது ஃப்ரேருக்குத் தெரியும். போர் அவர் முன்பே முடிவுசெய்தது; ஜூலு நாட்டை ஒடுக்கி, தென்னாப்பிரிக்காவை ஒரே கூட்டமைப்பாக்குவது திட்டம். செத்துப்போன இரண்டு பெண்கள் அதற்கு நல்ல சாக்காக வாய்த்தார்கள்.

இது நமக்குப் பழக்கமான கதைதான். சதி, குழந்தைத் திருமணம் என்று நம் ஊர்ப் பெண்களின் துன்பத்தைக் காட்டித் தங்கள் ஆட்சிக்கு நியாயம் தேடியவர்கள் அதே ஆட்கள். அதற்காக அந்தத் துன்பம் பொய்யாகிவிடாது. அந்த இருவரும் எதற்காகத் தப்பி ஓடினார்கள், ஆற்றைக் கடக்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. கொன்றவர்களுக்கு அவர்கள் வீட்டு மானம். பழிவாங்க வந்தவர்களுக்கு ஒரு நிபந்தனை. விளையாடுகிறவர்களுக்கு ஒரு வரி.

அதோடு நிற்கவில்லை. ஜூலு படை வயதுவாரியாகப் பிரிக்கப்பட்ட அணிகளால் ஆனது. மன்னர் அனுமதி கொடுக்கும்வரை ஓர் அணியின் ஆண்கள் மணம் முடிக்க முடியாது. அனுமதி கிடைக்கும்போது எந்த வயதுக் குழுப் பெண்களை மணக்கலாம் என்பதையும் அவரே சொல்வார். ஆம், பெண்களும் அணியணியாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். 1876இல் இண்ட்லோண்ட்லோ என்ற அணிக்கு அனுமதி கிடைத்தது. அவர்கள் நடுவயதை எட்டியவர்கள். அவர்களுக்கென்று குறிக்கப்பட்ட பெண் குழுவின் பெயரை நாக்கைச் சொடுக்கித்தான் உச்சரிக்க வேண்டும். தமிழில் சுமாராக இன்குகே என்று எழுதலாம். அந்தப் பெண்களில் பலருக்கு இளைய அணிகளில் காதலர்கள் இருந்தார்கள். கிழவர்களைக் கட்டிக்கொள்ள மாட்டோம் என்று மறுத்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். மன்னரின் ஆட்கள் தேடிப்போய்ச் சிலரைக் கொன்றார்கள்.

அதே இண்ட்லோண்ட்லோ அணிதான் 1879 ஜனவரி 22ஆம் தேதி மாலை ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற மிஷன் கட்டடத்தைத் தாக்கிய படையில் இருந்தது. அன்று பகலில்தான் பக்கத்தில் இசண்ட்ல்வானாவில் ஜூலுக்கள் பிரிட்டிஷ் முகாம் ஒன்றை அழித்து, அந்தப் பக்கத்தில் 1,300 பேரைக் கொன்றிருந்தார்கள். ஆனால் 1964இல் வந்த ‘ஜூலு’ திரைப்படத்தால் எல்லாருக்கும் நினைவில் நிற்பது ரோர்க்ஸ் டிரிஃப்ட்தான்: உள்ளே சுமார் 150 பேர், வெளியே மூவாயிரம் நாலாயிரம் பேர், விடியும்வரை சண்டை, 11 விக்டோரியா கிராஸ் பதக்கங்கள். விடிந்த பிறகு, காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களை பிரிட்டிஷ் தரப்பு கொன்றதும் பதிவாகியிருக்கிறது. எந்த விதிப்புத்தகத்திலும் அந்தக் காலைக்கு ஒரு சுற்று ஒதுக்கப்படவில்லை. ஆட்டம் இரவோடு முடிந்துவிடும்.

மணமானவன் என்பதற்கு அடையாளமாக ஜூலு ஆண்கள் தலையில் ஒரு வளையம் வைத்திருப்பார்கள். பொம்மைகளிலும் அது உண்டு. தலையைச் சுற்றி ஒரு மெல்லிய மேடு. பழுப்பு டப்பாவைப் பீய்ச்சினால் அதுவும் மறைந்துவிடும். நான் அதைத் தனியாக, கறுப்பு மெழுகின் மினுப்போடு பூசுகிறேன். பூசும்போதெல்லாம் அந்த வளையத்துக்குப் பின்னால் முடியாது என்று சொன்ன ஒரு பெண் இருக்கிறாள் என்று கை நினைத்துக்கொள்கிறது. இதை கிளப்பில் சொன்னேன். ஒருவர் புருவத்தை உயர்த்தினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் மட்டும் அடுத்த வாரம் தன் வீரர்களை எடுத்துவந்து, “எவனுக்கெல்லாம் வளையம் இருக்க வேண்டும், காட்டுங்கள்” என்றார்.

பெண்கள் இந்த விளையாட்டில் இல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நான் இருக்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் ஹவர்த் இருக்கிறது, ப்ரான்டி சகோதரிகளின் ஊர். 1826 ஜூனில் அவர்களுடைய அப்பா லீட்ஸிலிருந்து மகன் ப்ரான்வெல்லுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கிவந்தார். அதில் ஒன்றை எடுத்து இவர்தான் வெலிங்டன் பிரபு என்று பெயர்வைத்தாள் பத்து வயது ஷார்லட். எமிலியும் ஆனும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பையனுக்கு வந்த பெட்டி நால்வருக்குமானதாயிற்று. அந்தச் சிப்பாய்களைக் கப்பலேற்றி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பி, அஷாந்தி மக்களோடு போரிட வைத்து, ‘கண்ணாடி நகரம்’ என்று ஒரு சாம்ராஜ்யத்தையே கட்டினார்கள். சிப்பாய்கள் படிப்பதற்கு ஏற்ற அளவில் தீப்பெட்டியைவிடச் சிறிய புத்தகங்களை எழுதித் தைத்தார்கள். ‘ஜேன் அயர்’ எழுதிய கை முதலில் பழகியது அந்தக் காலனியப் போர்களில்தான். ஷார்லட்டின் நாயகன் வெலிங்டன் தன் பெயரை நாட்டத் தொடங்கியது எங்கே? 1799இல் திப்பு விழுந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில், 1803இல் அசாயேயில். அந்த அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஷார்லட்மேல் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவளுக்குத் தன் பக்கம் எது என்று சந்தேகமே இருந்ததில்லை.

எனக்கு அந்தச் சந்தேகம் போன ஆண்டு வந்தது. “நீங்கள் அந்த ஊர்க்காரராயிற்றே, ஓர் இந்தியப் போரை நடத்துங்களேன்” என்றார்கள். நான் தேர்ந்தெடுத்தது புள்ளலூர். ஆங்கிலப் புத்தகங்களில் பொள்ளிலூர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அங்கே சுற்றிவளைத்து நொறுக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் இருந்தும் நேரத்துக்கு வந்துசேரவில்லை. பெய்லி சிறையிலேயே இறந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இதைப் பெரிய ஓவியமாகவே எழுதிவைத்தார்.

கிளப்பில் எல்லாருக்கும் உற்சாகம். ஒரு தடவையாவது பிரிட்டிஷ் தோற்கிற ஆட்டம், அதுவும் நான் திப்பு பக்கம் ஆடி ஜெயிக்கிறதைப் பார்க்கலாம் என்று. அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நான் திப்பு பக்கம் ஆட மாட்டேன் என்றதும் குழம்பிவிட்டார்கள். “அப்படியானால் பெய்லியா?” அதுவும் இல்லை.

1780 ஜூலையில் ஹைதர் மலைக்கணவாய்களைத் தாண்டி ஆர்க்காட்டு நாட்டுக்குள் இறங்கியபோது அவருடைய குதிரைப்படை ஊர் ஊராக எரித்துக்கொண்டு வந்தது. சென்னைப் பட்டணத்துக்குச் சோறு போகக்கூடாது என்பது கணக்கு. அந்தக் கணக்கில் எரிந்தவை எங்கள் பக்கத்துக் கிராமங்கள். அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சம். கம்பெனியாரோ, தாங்கள் காக்கிறோம் என்று சொல்லி நவாபிடம் வரிப்பணத்தைக் கறந்தவர்கள். அந்த நிலத்தில் தறி போட்டிருந்தவனும் நாற்று நட்டவளும் எந்தக் கொடியின் கீழே போய் நிற்பார்கள்? திப்புவைக் கொண்டாடுகிறவர்களோடும் பழிக்கிறவர்களோடும் இப்போது எனக்குச் சண்டை இல்லை. என் பாட்டிகளின் பாட்டிகள் அந்த மேசையில் எந்த ஓரத்தில் நின்றிருப்பார்கள் என்பதுதான் என் கேள்வி. விதிப்புத்தகத்தின்படி, மேசைக்கு வெளியே.

ஆகவே மேசைக்குள் கொண்டுவந்தேன். அக்காலப் படை எதுவும் தனியாக நகர்ந்ததில்லை. சண்டை போடுகிறவர்களைப்போலப் பல மடங்கு ஆட்கள் கூடவே நடந்தார்கள்: தானியம் ஏற்றிய மாட்டுக்காரர்கள், சமைக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், புல் வெட்டுகிறவர்கள், சிப்பாய்களின் மனைவிகள், கைக்குழந்தைகள். படையின் பின்னால் ஒரு பஜாரே நடந்துபோகும். ஆறு வாரம் உட்கார்ந்து அறுபது பேரைச் செய்தேன். விவிலியக் காட்சிகளுக்கு விற்கும் பொம்மைகள், கிராமத்துச் சந்தைப் பொம்மைகள் எல்லாவற்றையும் வாங்கி, வெட்டி, பசைமாவு அப்பிச் சேலை கட்டிவிட்டேன். தலையில் கூடை, இடுப்பில் பிள்ளை. ஒவ்வொருத்தியின் சேலைக்கும் தனி நிறம். டப்பாவைத் தொடவில்லை.

விதிதான் சிக்கலாக இருந்தது. நாங்கள் ஆடுவது லாரி ப்ரோம் என்ற அமெரிக்கர் 1979இல் வெளியிட்ட ‘தி ஸ்வார்டு அண்ட் தி ஃபிளேம்’ விதிகளை. அதில் யார் எப்போது நகர்வது என்பதைச் சீட்டுக்கட்டு தீர்மானிக்கும். சிவப்புச் சீட்டு புரட்டினால் பிரிட்டிஷ் அணி ஒன்று நகரும். கறுப்புச் சீட்டு வந்தால் எதிரணி. மிக நேர்த்தியான விதி அது. யாருக்கும் முழு அதிகாரம் கிடைக்காது. ஆனால் கட்டில் இரண்டு நிறம்தானே உண்டு? நான் பெட்டியில் தனியாகக் கிடந்த இரண்டு ஜோக்கர்களையும் உள்ளே போட்டுக் குலுக்கினேன். ஜோக்கர் வந்தால் பஜாரும் கிராமத்தாரும் நகர்வார்கள். அவர்களை நான் ஆடுவேன். கிழக்கே மேசை விளிம்பைத் தாண்டினால் தப்பித்தவர்கள்.

“அவர்கள் எப்படி ஜெயிப்பார்கள்?” என்று ஒருவர் கேட்டார். ஜெயிக்க மாட்டார்கள், போய்ச் சேர்வார்கள் என்றேன். இன்னொருவர் முதல் ஒரு மணி நேரத்திலேயே அலுத்துக்கொண்டார்: சதுர வியூகம் அமைக்க முடியவில்லை, எங்கே பார்த்தாலும் உங்கள் பெண்கள் குறுக்கே நிற்கிறார்கள், ஆட்டம் ஊர்கிறது. கொற்றலை ஆற்று வெள்ளத்தில் பெய்லிக்கும் பல நாள் ஊரத்தான் செய்தது என்றேன். சிரித்தார்கள். ஆனால் அடுத்த சுற்றில் அவர் தன் சிப்பாய்களைப் பஜாரைச் சுற்றி நிறுத்துவதா, விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் பக்கம் உடைத்துக்கொண்டு போவதா என்று நீண்ட நேரம் யோசித்தார். விட்டுவிட்டுப் போனார். மறுபக்கத்தில் திப்புவின் குதிரைகளை ஆடிய இளைஞன் அளவுநாடாவை நீட்டிவிட்டு, எட்டு அங்குலத்தில் கூடைக்காரிகள் நிற்பதைப் பார்த்து, “இவர்களை நான் தாக்கியாக வேண்டுமா?” என்று என்னைக் கேட்டான். விதி அனுமதிக்கிறது, உன் விருப்பம் என்றேன். அவன் குதிரைகளைத் திருப்பினான். அடுத்த சுற்றில் வேறு வழி இல்லாமல் போனது; தாக்கினான்.

அறுபதில் இருபத்து மூன்று பேர் விளிம்பைத் தாண்டினார்கள். அவர்களை நான் எண்ணிப் பெட்டியில் வைத்தேன். மற்றவர்களை எடுக்கும்போது இளைஞன் உதவிக்கு வந்தான். இடுப்பில் பிள்ளையோடு இருந்த ஒருத்தியின் கை பெயர்ந்திருந்தது. அதைத் தேடிக் கம்பளியைத் தடவிக் கண்டெடுத்துக் கொடுத்தான்.

அலுத்துக்கொண்டவர் கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஜோக்கர் இரண்டே இரண்டு என்பது அநியாயம். அவர்களுக்கு நகர நேரமே கிடைக்கவில்லை.” அடுத்த மாதம் மறுபடி ஆடுகிறோம். இன்னொரு சீட்டுக்கட்டு அவரே கொண்டுவருகிறாராம்.